எதைக் காயில் கட்டுவது, எதை மாற்றுவது

கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு ஒரு சின்ன வைண்டிங் கடை. மிக்ஸி, கிரைண்டர், சீலிங் ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று எது புகைந்தாலும் கொண்டு வருவார்கள். காயில் (மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுற்று) கட்டிக் கொடுப்பேன். மார்ச் பிறந்துவிட்டால் வாசலில் இறக்கை கழற்றிய ஃபேன்கள் வரிசையாகக் கிடக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி ஊர் குளிர்கிறவரை அந்த வரிசை குறையாது.

வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான். "இதைக் கட்டலாமாங்க, இல்லை புதுசே வாங்கிடலாமா?" விலை சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுதுங்க?"

காயில் கட்டிப் பிழைக்கிறவன் இப்படிக் கேட்கக் கூடாதுதான். ஆனால் கரண்ட் மிச்சம் பிடிப்பது, பழைய சாமானைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது, இரண்டுமே நல்ல காரியம் என்கிறோம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் என் கடை மேஜை. பழையதைக் கட்டி ஓட்டினால் கரண்ட் அதிகம் இழுக்கும். புதியது வாங்கினால் நல்ல இரும்பும் அலுமினியமும் காயலான் கடைக்குப் போகும். எந்தப் பக்கம் சாய்வது என்பதை ஓடுகிற நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும் என்பது என் கட்சி.

மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 750 வாட் என்று அடியில் போட்டிருக்கும். போடுகிற சத்தத்தில் தெருவே எழுந்துவிடும். ஆனால் எந்த வீட்டில் மிக்ஸி நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது? அந்தப் பத்து நிமிடமும் முழு பாரத்தில் ஓடினால்கூட இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட். இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் அதைவிடச் சாது. 150 வாட் மோட்டார், முக்கால் மணி நேரம் மாவாட்டினாலும் கால் யூனிட்டைத் தொடாது. வாரம் இரண்டு முறை ஆட்டுகிற வீட்டில் இரண்டு மாதக் கணக்கு இரண்டு யூனிட் பக்கம்தான் வரும். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது சும்மா இல்லை. இந்த இரண்டையும் உயிர் இருக்கிறவரை கட்டிக் கட்டி ஓட்டலாம். புதுசு வாங்கி மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமே கிடையாது.

இப்போது ஹாலில் சத்தமில்லாமல் சுற்றுகிற ஃபேன். 75 வாட்தான். அதனால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் கோடையில் அது 16 மணி நேரம் ஓடும். 60 நாளுக்கு 72 யூனிட். மிக்ஸியைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. அதே காற்றை 30 வாட்டில் தருகிற பி.எல்.டி.சி (பிரஷ்லெஸ் டி.சி. மோட்டார்) ஃபேன் போட்டால் 29 யூனிட். ஒரே ஃபேனில் 43 யூனிட் மிச்சம்.

சாதா ஃபேன் ஏன் இவ்வளவு தின்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்வேன். நாலைந்து மணி நேரம் ஓடிய ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, நடுவில் உள்ள கிண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுடும். அந்தச் சூடு முழுக்க நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கரண்ட். காற்று வாங்கப் போட்ட சாமான் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அறையைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது.

பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். சீலிங் ஃபேனில் காயில் நடுவில் அசையாமல் நிற்கும், வெளிக்கூடுதான் சுற்றும். அந்தக் கூட்டுக்குள் காந்தம் எதுவும் இல்லை. காயிலில் ஓடுகிற கரண்ட், கூட்டிலும் ஒரு கரண்ட்டைத் தூண்டிவிட்டு, அதன் மூலமாகத்தான் அதைக் காந்தமாக்கி இழுக்கிறது. இரண்டு இடத்திலும் கரண்ட் ஓடினால் இரண்டு இடத்திலும் சூடு. காயில் கம்பியோ 36 கேஜ், தலைமுடிபோல இருக்கும். பி.எல்.டி.சியில் கூட்டுக்குள் நிரந்தரக் காந்தத் துண்டுகளை ஒட்டிவிடுகிறார்கள். தூண்டுகிற வேலை மிச்சம். எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் கொடுப்பது என்பதை ஒரு சின்ன போர்டு பார்த்துக்கொள்கிறது. ஓடி நின்ற பிறகு தொட்டால் வெதுவெதுப்பு இருந்தால் அதிகம்.

இந்தச் சங்கதி எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 2012 ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கோவையில் பல நாள் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. பட்டறைகள் ஜெனரேட்டர் வைத்தும் மாளாமல் ராத்திரி ஷிப்டுக்கு மாறின. அதே வருடம் இதே ஊரில் வெர்சா டிரைவ்ஸ் என்ற கம்பெனி, சூப்பர்ஃபேன் என்ற பெயரில் 35 வாட் பி.எல்.டி.சி ஃபேனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்போது எங்களைப் போன்ற கடைக்காரர்கள் அதை வேடிக்கையாகத்தான் பார்த்தோம். ரிமோட் வைத்து ஃபேன் ஓட்டுகிற ஊரா இது என்று பேசிக்கொண்டோம். ஆனால் இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்கள் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். ஒரே பேட்டரியில் ஃபேன் இரண்டு மடங்கு நேரம் ஓடியது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம். கடையில் பெட்டியைத் திருப்பி நட்சத்திரத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அதற்காக இருக்கிற ஃபேனை எல்லாம் கழற்றி எறியச் சொல்லவில்லை. போன கோடையில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் பழைய ஃபேன் ஒன்றை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். வார்ப்பு இரும்புக் கூடு, தனியாளாகத் தூக்க முடியாத கனம். காயில் கருகியிருந்தது.

"ஹாலில் ஓடுறதுங்களா டீச்சர்?"

"ஆமாங்க தம்பி, காலையில போட்டா ராத்திரி பதினொரு மணிக்குத்தான் நிறுத்துவேன்."

"அப்ப ஹாலுக்குப் புதுசு போட்டுக்குங்க. இதைக் கட்டினாலும் கரண்ட் அப்படியேதான் இழுக்கும்."

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்குனதுங்க. இதைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்றீங்களா?"

போட வேண்டாம் என்றேன். கட்டித் தருகிறேன், ஆனால் இதைச் சாமி ரூமில் மாட்டுங்கள் என்றேன். காலையில் கால் மணி, சாயங்காலம் விளக்கு வைக்கும்போது கால் மணி. அங்கே அது 75 வாட் இழுத்தாலும் இரண்டு மாதத்துக்கு இரண்டே கால் யூனிட்தான். ஹாலுக்குப் புது ஃபேன் வந்தது. பழையது பூஜைக்கு எதிரே கம்பீரமாகச் சுற்றுகிறது. என் கடைக்கும் கூலி வந்தது. வாடிக்கையாளர்களுக்கு இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன்: வீட்டில் இருக்கிற சாமான்களை இடம் மாற்றுங்கள். அதிகம் ஓடுகிற இடத்துக்கு நல்லது, எப்போதாவது ஓடுகிற இடத்துக்குப் பழையது. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற அறையில் ஐந்து நட்சத்திர ஃபேனை மாட்டிவிட்டு, அப்பா நாள் முழுக்கப் படுத்திருக்கிற அறையில் பழசை ஓட்டுகிற வீடுகள் நிறைய உண்டு.

பணக் கணக்கும் பார்த்துவிடலாம். காயில் கட்ட 400 ரூபாய் பக்கம் ஆகும். புது பி.எல்.டி.சி ஃபேன் 2,500-லிருந்து 3,500 வரை. நாள் முழுக்க ஓடுகிற ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் மிச்சம் என்றால், யூனிட் நாலரை ரூபாய் என்று வைத்தாலும் 190 ரூபாய்க்கு மேல். இரண்டரை வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடுகிற அறையில் மாட்டினால் ஆயுசுக்கும் வராது.

யூனிட் விலை என்று நான் மேலோட்டமாகச் சொல்லிவிட்டேன். நம் ஊர் ஈபி கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மிச்சம் பிடிக்கிறவர்கள் பாதியில் நிற்கிறார்கள். 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தை வைத்தே சொல்கிறேன், அப்புறம் ஏறியதைச் சேர்க்காமல். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். இரண்டாவது நூறுக்கு 2.25, அடுத்த இருநூறுக்கு 4.50, ஐநூறு வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 ஓடிவிட்டால்? கூடுதல் பத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 80 ரூபாய் மட்டும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஐநூறைத் தாண்டினதும் அந்த இரண்டாவது நூறுக்கான சலுகை விலை போய், அதுவும் 4.50 ஆகிவிடும். பில் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! எனவே 540, 560 என்று ஓடுகிற வீட்டுக்காரர்கள்தான் முதலில் ஹால் ஃபேனை மாற்ற வேண்டும். அவர்களுக்கு ஒரு ஃபேனோ இரண்டு ஃபேனோ மாற்றினாலே பள்ளத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம். ரீடிங் எடுக்க வரும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, பத்து நாளுக்கு முன்பே மீட்டரை ஒரு பார்வை பார்ப்பது என் மனைவியின் பழக்கம். கடைசி வாரத்தில் இஸ்திரிப் பெட்டிக்கு வீட்டில் விடுமுறை.

அடுத்தது, ஓடுவதே தெரியாமல் ஓடுகிறவை. டிவியை ரிமோட்டில் நிறுத்திவிட்டுப் படுத்தாலும் செட்டாப் பாக்ஸ் பத்து வாட் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இருபத்துநாலு மணி நேரமும் விட்டால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். ஒரு மிக்ஸியும் இரண்டு மூன்று கிரைண்டரும் தின்கிற அளவு. சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டினால் தீர்ந்தது. ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, ஃப்ரிட்ஜ் போகவில்லை. ரப்பரை மட்டும் மாற்றலாம்.

இன்வெர்ட்டரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கரண்ட் இல்லாத அந்தக் காலத்தில் வாங்கி வைத்தது, இப்போது எப்போதாவது அரை மணி போகிற கரண்ட்டுக்காக வருடம் முழுவதும் பிளக்கில் கிடக்கிறது. பேட்டரி நன்றாக இருக்கிறவரை பெரிய குற்றமில்லை. வயசாகிவிட்ட பேட்டரி சார்ஜ் நிறைந்தாலும் நிறையாததுபோலவே இழுத்துக்கொண்டிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: பக்கவாட்டில் கை வைத்தால் சூடு இருக்கும், டிஸ்டில்டு வாட்டர் சீக்கிரம் சீக்கிரம் குறையும். மாதாமாதம் தண்ணீர் ஊற்ற வேண்டி வருகிறது என்று யாராவது சொன்னால், அந்த பேட்டரி தண்ணீரோடு கரண்ட்டையும் குடிக்கிறது என்று சொல்வேன்.

தண்ணீர் மோட்டாருக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் கோயம்புத்தூர்க்காரன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. இரண்டு மாடி வீட்டுக்கு, கீழ்த்தொட்டியிலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்ற அரை எச்.பி. மோட்டார் தாராளம். ஆனால் கடைக்குப் போனால் "கூட ஐந்நூறு போட்டா ஒண்ணு எச்.பி.யே வாங்கிக்கலாமுங்க" என்று ஒருவர் சொல்வார். நம்மவர்களுக்கும் அதில் ஒரு பெருமை. பெரிய மோட்டாரைச் சின்னக் குழாயில் வைத்தால் தண்ணீர் குழாயோடு உரசியே பாதி சக்தி போகும்.

புது மோட்டார் மாட்டினவுடன் ஒரு வேலை செய்யுங்கள். காலித் தொட்டி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி பாருங்கள். நேரம் கூடியிருந்தால் எங்கேயோ கோளாறு. ஃபுட் வால்வில் (உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கிற வால்வு) குப்பை அடைத்திருக்கும், அல்லது வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் இறங்கிப்போய் ஒவ்வொரு தடவையும் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு ஓடும். கெப்பாசிட்டர் வலு இழந்திருக்கலாம். தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் சக்கரம் தேய்ந்திருக்கலாம். மோட்டார் உறுமுகிற சத்தம் மாறாததால் வீட்டுக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. முப்பது நிமிட வேலைக்கு ஐம்பது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும். இருபது நிமிடக் கரண்ட் தினமும் வீண். கடைசியில் சூடு தாங்காமல் காயில் போகும்போதுதான் என்னிடம் வருவார்கள். நூறு இருநூறு ரூபாய் ஃபுட் வால்வில் முடிந்திருக்க வேண்டியது.

தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் அதுதான் காலை அலாரம். மிதவை சுவிட்ச் ஒன்று போட்டால் சிறுவாணித் தண்ணீரும் கரண்ட்டும் சேர்ந்தே மிஞ்சும்.

சரி, மோட்டார் புகைந்தேவிட்டது, காயில் கட்டத்தான் வேண்டும் என்றால், கட்டுகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பழைய காயிலை எப்படி எடுப்பீர்கள் என்பது முதல் கேள்வி. சில இடங்களில் மோட்டாரை அப்படியே நெருப்பில் போட்டு, வார்னிஷ் எரிந்ததும் கம்பியை உருவிவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உள்ளே அடுக்கியிருக்கிற இரும்புத் தகடுகளுக்கு நடுவில் மெல்லிய பூச்சு உண்டு. அது எரிந்துபோனால் தகடுகள் ஒன்றாகி, அந்த இரும்பு அடுக்கே சூடேற ஆரம்பிக்கும். அப்புறம் எவ்வளவு நல்ல கம்பி போட்டாலும் அந்த மோட்டார் முன்னைவிட அதிகம்தான் இழுக்கும். நான் உளியால் ஒரு பக்கத் தலையை வெட்டிவிட்டு மறு பக்கம் இழுத்து எடுக்கிறேன். கை வலிக்கும், வேறு நஷ்டம் இல்லை. இரண்டாவது கேள்வி: எடுத்த கம்பி எத்தனை கிராம், போட்ட கம்பி எத்தனை கிராம்? தராசு எல்லா வைண்டிங் கடையிலும் இருக்கும். செம்பு விற்கிற விலையில் கேஜைக் குறைத்தோ சுற்றைக் குறைத்தோ கட்டுகிற ஆட்களும் உண்டு. அன்றைக்கு மிச்சமான செம்பு, பிறகு உங்கள் பில்லில் ஏறும்.

கீசரைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு பக்கெட் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ கால் யூனிட்டிலிருந்து அரைக்குள் ஆகும். நாலு பேர், அறுபது நாள் என்றால் எண்பது யூனிட் பக்கம் போய்விடும். மார்கழியில் சரி. என் மகளுக்கு ஏப்ரலிலும் வெந்நீர் வேண்டும். அந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது. மாடி இருக்கிறவர்கள் சோலார் ஹீட்டர் போடலாம். போர் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், உப்பு பிடித்துக் குழாய் அடைத்துவிடும். ஏசி வைத்திருப்பவர்கள் 24 டிகிரியில் விட்டு, கூடவே ஃபேனை மெதுவாக ஓட்டுங்கள். 2020-லிருந்து வருகிற ஏசிகள் போட்டவுடன் 24-ல்தான் தொடங்கும். நாம்தான் 18-க்கு இறக்குகிறோம்.

பி.எல்.டி.சி ஃபேனைப் புகழ்ந்தாயிற்று. அதன் வில்லங்கத்தையும் சொன்னால்தான் நியாயம். போர்டு போனால் காயில் கட்டுகிற என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இடி இடித்த மறுநாள் காலையில் இரண்டு மூன்று ஃபேன் வரும். காயில், காந்தம், பேரிங் எல்லாம் கல்லுபோல இருக்கும், உள்ளங்கை அளவு போர்டு மட்டும் கருகியிருக்கும். சில மாடல்களுக்கு போர்டு தனியாகக் கிடைக்கிறது. சிலவற்றுக்கு, மூன்று நான்கு வருடத்துக்குள்ளேயே "அந்த மாடல் நிறுத்திட்டோம்" என்கிறார்கள். டீச்சர் வீட்டுப் பழைய ஃபேன் இன்னொரு முப்பது வருடம் ஓடும். இது பத்து வருடம் தாண்டுமா என்று கேட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதனால் வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், போர்டு தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டு வாங்குங்கள். பழைய ரெகுலேட்டரோடு சேர்த்து மாட்டாதீர்கள். அதனாலேயே பாதி போர்டு போகிறது. போன போர்டுகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். மின்கழிவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022-ல் வந்த விதி சொல்கிறது. சாக்கு நிறைந்துகொண்டு வருகிறது.

இனி ரோட்டுக்கு வருவோம். பி.எல்.டி.சி ஃபேனைப் பக்கவாட்டில் திருப்பி டயர் மாட்டினால் அதுதான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் ஹப் மோட்டார். காயில் நடுவில் நிற்கும், காந்தம் ஒட்டிய கூடு வெளியே சுற்றும். எல்லா ஸ்கூட்டரும் அப்படியில்லை, சிலவற்றில் மோட்டார் தனியாக இருந்து பெல்ட்டில் சக்கரத்தைச் சுற்றும். ஆனால் சங்கதி அதே பி.எல்.டி.சி சாதிதான். அதனால் ஃபேனுக்குச் சொன்ன அதே கேள்வியைத்தான் வண்டிக்கும் கேட்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுது?

என்னிடம் இருப்பது டி.வி.எஸ். எக்ஸ்.எல். வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர். முன்னால் மூன்று எச்.பி. மோட்டாரை நிறுத்தி வைத்துக்கொண்டு போகலாம், அந்த வசதிக்காகவே அதை விட மாட்டேன். மாதத்துக்கு மூன்று லிட்டர் பெட்ரோல், முந்நூறு ரூபாய். அதை மிச்சம் பிடிக்க ஒரு லட்சம் ரூபாய்க்கு எலெக்ட்ரிக் வண்டி வாங்கினால், காசும் வராது. அந்தப் புது வண்டியையும் பேட்டரியையும் செய்யச் செலவான சக்தியையும் நான் ஓட்டுகிற ஓட்டத்தில் ஈடுகட்ட முடியாது. எக்ஸ்.எல்லைப் பராமரித்தால் போதும். வாரம் ஒரு முறை காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார்க்கிறேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுவேன். மூன்று நான்கு சுற்றாவது தானாகச் சுற்றி நிற்க வேண்டும். உடனே நின்றால் பிரேக் கட்டை உரசுகிறது, அல்லது செயின் இறுக்கமாக இருக்கிறது. பேரிங் போட்டுப் போட்டுப் பழகியவனுக்கு, சுற்ற வேண்டியது இலேசாகச் சுற்றவில்லை என்றால் மனசு கேட்காது.

என் அக்கா பையன் கதை வேறு. ஓட்டல் சாப்பாடு டெலிவரி செய்கிறான். சரவணம்பட்டி, பீளமேடு, சிங்காநல்லூர் என்று நாளைக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. பெட்ரோல் ஸ்கூட்டரில் லிட்டருக்கு 45 என்றால் தினமும் 220 ரூபாய் பெட்ரோலுக்கே போகும். அவன்தான் எலெக்ட்ரிக் வாங்க வேண்டியவன். "கரண்ட்டும் நிலக்கரியில்தானே மாமா வருது? அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. 45 கிலோமீட்டருக்கு வகுத்தால், கிலோமீட்டருக்கு ஐம்பது கிராம். நம் நாட்டு கரண்ட் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ என்று கணக்கு. ஒரு யூனிட்டில் ஸ்கூட்டர் முப்பது கிலோமீட்டர் போகும். அது இருபத்துமூன்று, இருபத்துநாலு கிராம். நிலக்கரி அதிகம் கலந்த இந்த கரண்ட்டில் ஓட்டினாலும் பாதிக்குப் பாதி. பெட்ரோல் இஞ்சின் தனக்குக் கிடைத்ததில் முக்கால்வாசியைச் சூடாக விட்டுவிடுகிறது. சைலன்சரில் கால் சுட்டுக்கொண்டவர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகிற மாதங்களில் கணக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

வாங்கிவிட்டான். இப்போது வீட்டில் தினமும் மூன்று மூன்றரை யூனிட் சார்ஜுக்குப் போகிறது. இரண்டு மாதத்தில் 200 யூனிட் பக்கம் கூடி, அக்கா வீட்டு பில் ஐநூறுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டது. "உன் பேச்சைக் கேட்டு வாங்குனான், கரண்ட் பில்லைப் பாருடா!" யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு 28 ரூபாய்தான் அக்கா, பெட்ரோலுக்கு 220 போச்சே என்றேன். பெட்ரோல் காசு அவன் சட்டைப் பையிலிருந்து போனது, கரண்ட் பில் என் கையில் அல்லவா வருது என்றது. அதற்கு நான் என்ன பதில் சொல்ல? பில்லில் பாதியை அவன் கட்டுவதாக ஒப்பந்தம் ஆனது. மாடியில் இடம் இருக்கிறது, சோலார் பேனல் போடலாமா என்று இப்போது பேச்சு ஓடுகிறது. ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளைக்கு நாலு யூனிட் தரும். வண்டிக்குச் சரியாக இருக்கும். 2024-ல் வந்த மத்திய அரசு திட்டத்தில் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். அக்கா இன்னும் பிடி கொடுக்கவில்லை.

இதையெல்லாம் விடச் சிக்கனமாகப் போகிறவர்கள் என் மனைவியும் மகளும். 2021-லிருந்து சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. காந்திபுரம் போக வர ஒரு பைசா செலவில்லை. ஐம்பது பேரை ஏற்றிப்போகிற பஸ்ஸில் தலைக்கு எவ்வளவு டீசல் விழுந்துவிடப் போகிறது? எந்த பி.எல்.டி.சி மோட்டாரும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. கூட்டத்தில் நின்றுகொண்டு போவதைத்தான் மகள் குறை சொல்கிறாள்.

அக்கா பையனின் வண்டிக்கு பேட்டரி வாரண்டி மூன்று வருடம். நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் அதற்குள் போட்ட காசு வந்துவிடும் என்று அவனே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அவனுடையது ஹப் மோட்டார் வண்டி. சக்கரத்தைக் கழற்றி உள்ளே எத்தனை கேஜ் கம்பி, எத்தனை காந்தம் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாடா, ஒரு மணி நேர வேலைதான் என்று கூப்பிட்டேன். "வாரண்டி முடியட்டும் மாமா" என்று சொல்லிவிட்டான்.